செல்லரிக்காமல் இல்லம் காப்போம்

மனிதன் உயிர் வாழ உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்று தொடக்கப் பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். உணவு கெட்டுப்போனால் மூக்கு சொல்லிவிடும். உடை கிழிந்தால் கண் சொல்லிவிடும். ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டின் நிலையையும் கதவையும் பெட்டியையும் ஒரு பகைவன் உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தால், அதை நமக்கு யார் சொல்வார்கள்? நாமே தேடிப் பார்த்தாலன்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு நேர்ந்த இழப்பு வேறெந்தத் தோழியின் வீட்டிலும் நேரக்கூடாது என்ற எண்ணத்தினால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆச்சியின் பெட்டி

எங்கள் வீடு தாமிரபரணிக் கரைப் பக்கத்தில் உள்ள பழைய ஓட்டு வீடு. 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை வேளை. பின்னறையின் சுவரோரத்திலிருந்து ஈசல்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு விளக்கைச் சுற்றிப் பறந்தன. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சென்றோம். மறுநாள் காலையில் உதிர்ந்து கிடந்த சிறகுகளைப் பெருக்கிக் குப்பையில் கொட்டினோம். அத்துடன் அதை மறந்தும் போனோம்.

அடுத்த ஆண்டு மே விடுமுறையில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அந்த அறையிலிருந்த மரப்பெட்டியை நகர்த்தினோம். பெட்டியின் மேற்புறம் பழைய மெருகுடன்தான் இருந்தது. ஆனால் தூக்கியபோது அடிப்பலகை பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது. உள்ளே ஈரமண்ணும், நெளியும் வெண்ணிறப் பூச்சிகளும்!

அது எங்கள் ஆச்சியின் பெட்டி. எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடும் குடும்பத்தில் பிறந்து, அழுது அடம்பிடித்துப் படித்து, 1968ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சியை முடித்தவர்கள் ஆச்சி. அந்தச் சான்றிதழ் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு அப்பெட்டியில்தான் இருந்தது. ஓரங்களும் ஒரு மூலையிலிருந்த முத்திரையும் எஞ்சியிருந்தன. நடுப்பகுதி சல்லடையாகிவிட்டது. ஆச்சிக்கு இப்போது கண்பார்வை மங்கல். "ஏட்டி, என் பேரு இருக்கா, பாருங்க" என்று கேட்டார்கள். பெயர் இருந்த இடத்தில் மண்தான் ஒட்டியிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஈசல் பறந்த அன்றே அந்தப் பெட்டியை நகர்த்திப் பார்த்திருந்தால் சான்றிதழைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தப் பூச்சி எங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருந்தது. அதைப் படிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த விடுமுறை முழுவதும் நூல்களைப் புரட்டியும், விலங்கியல் ஆசிரியையைக் கேட்டும், தச்சு வேலையில் தேர்ந்த பெரியவர் ஒருவரிடம் விசாரித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறோம்.

கறையான் எறும்பன்று

கறையானைத் தென்மாவட்டங்களில் 'செல்' என்பார்கள். 'செல்லரித்துப் போயிற்று' என்ற வழக்கு இதனால் வந்ததே. ஆங்கிலேயர் இதனை வெள்ளை எறும்பு என்றார்கள். ஆனால் இது எறும்பு இனத்தைச் சேர்ந்ததன்று. இது கரப்பான் பூச்சியின் குடும்பத்திலிருந்து கிளைத்த உயிர் என்பதை 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது. எறும்போ கறையானுக்குப் பரம எதிரி!

கறையான் தனித்து வாழ்வதில்லை. ஒரு புற்றில் அரசனும் அரசியும் உண்டு. எண்ணற்ற வேலைக்காரக் கறையான்களும் காவற்காரக் கறையான்களும் உண்டு. முட்டையிடுவதே அரசியின் வேலை. சில இனங்களில் ஓர் அரசி ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. இரை தேடுவதும் குஞ்சுகளை வளர்ப்பதும் புற்றைப் பழுதுபார்ப்பதும் வேலைக்காரர்களின் பொறுப்பு. பெரும்பாலான இனங்களில் இவற்றுக்குக் கண் கிடையாது. கண்ணில்லாத இப்பூச்சிதான் கண்ணுள்ள நம்மை ஏமாற்றுகிறது!

மழை பெய்ததும் புற்றிலிருந்து புறப்படும் ஈசல் வேறொன்றுமன்று. சிறகு முளைத்த கறையானே அது. சிறிது தூரம் பறந்து, சிறகை உதிர்த்து, இணை சேர்ந்து, ஈரமண்ணில் புதிய குடியை அமைப்பதற்காகவே அது வெளிவருகிறது. தெருவிளக்கில் ஈசல் மொய்த்தால் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளே, சுவரிலிருந்தோ தரை விரிசலிலிருந்தோ ஈசல் புறப்பட்டால், கறையான் ஏற்கெனவே வீட்டில் குடியேறிவிட்டது என்று பொருள். சிறகு முளைத்த எறும்பையும் ஈசலையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக் கூடாது. எறும்புக்கு இடை சிறுத்திருக்கும். முன் சிறகு நீண்டும் பின் சிறகு குறுகியும் இருக்கும். ஈசலுக்கு இடை சிறுத்திராது. நான்கு சிறகுகளும் ஒரே நீளமாக இருக்கும்.

மரத்தைத் தின்று எப்படிச் செரிக்கிறது?

மரத்திலும் காகிதத்திலும் பருத்தித் துணியிலும் உள்ள பொருள் செல்லுலோஸ். நம்மால் அதைச் செரிக்க இயலாது. கறையானில் சில இனங்களின் குடலுக்குள் ஓரணு உயிர்கள் வாழ்கின்றன. செல்லுலோஸைச் செரிக்கத் துணைபுரிபவை அவையே. நம் ஊர்ப் புற்றுக் கறையானோ வேறொரு வழியைக் கையாளுகிறது. அது தின்ற மரத்தூளைக் கொண்டு புற்றுக்குள்ளே கடற்பஞ்சு போன்ற கூடு கட்டி, அதில் ஒருவகைக் காளானைப் பயிர் செய்து உண்கிறது. மழைக்காலத்தில் புற்றின்மேல் முளைக்கும் சுவையான புற்றுக் காளான் இத்தோட்டத்திலிருந்து வருவதே.

இதை ஆராய்வதில் நம் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. லின்னேயஸ் என்ற பேரறிஞரின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கூனிக், 1768ஆம் ஆண்டு மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். அவர் இங்குள்ள புற்றுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1779ஆம் ஆண்டு பெர்லினில் வெளிவந்தது. கறையானைப் பற்றிய தொடக்கக்கால அறிவியல் எழுத்துகளில் அதுவும் ஒன்று.

உலகில் ஏறத்தாழ 3000 கறையான் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் வீட்டுக்குத் தீங்கு செய்பவை மிகச் சிலவே. மற்றவை காட்டில் விழுந்த மரத்தையும் சருகையும் மக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. ஆகவே கறையான் என்றாலே கொன்று தீர்க்க வேண்டும் என்பதன்று நம் நோக்கம். காட்டில் அதற்கு வேலை இருக்கிறது. நம் வீட்டில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

பகைவர் யார் என்று அறிவோம்

மரத்தைத் துளைப்பவை எல்லாம் ஒன்றல்ல. விட்டுச்செல்லும் அடையாளத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் இனங்காணலாம்.

முதலாவது, மண்ணுக்கடியிலிருந்து வரும் கறையான். இதன் உடல் மென்மையானது. காற்றும் வெயிலும் பட்டால் விரைவில் உலர்ந்து மடிந்துவிடும். ஆகையால் சுவரின்மேல் பென்சில் பருமனுக்கு மண்ணால் குழாய் போன்ற பாதை அமைத்து, அதற்குள்ளேயே போய்வருகிறது. மண்பாதையைக் கண்டால் இதுவே பகைவன் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, உலர்மரக் கறையான். இது கடலோர ஊர்களில் மிகுதி. இதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் அதிகம் வேண்டாம். நாற்காலியின் காலுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். மரத்தின் கீழே கசகசா போன்ற சிறு மணிகள் குவிந்து கிடந்தால், அவை இதன் எச்சம்.

மூன்றாவது, உளு வண்டு. 'உளுத்துப் போன மரம்' என்கிறோமே, அதற்குக் காரணம் இதுவே. இதன் தாய் மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுகிறது. புழு உள்ளேயிருந்து மரத்தின் மாவுச்சத்தைத் தின்று வளர்ந்து, வண்டாகி, குண்டூசி முனை அளவுத் துளையிட்டு வெளியேறுகிறது. கீழே கோதுமை மாவு போன்ற மென்மையான தூள் உதிர்ந்திருக்கும். மாமரப் பலகையிலும் ரப்பர் மரச் சாமான்களிலும் மூங்கிலிலும் இவ்வகை வண்டுகளின் தொல்லை மிகுதி.

நான்காவதாக ஒன்றுண்டு; அதைப் பகைவன் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. நீலம் மின்னும் சிறகுடன், கன்னங்கரேலென்று, ரீங்காரமிட்டு வந்து, மூங்கிலிலும் கைமரத்திலும் விரல் நுழையும் அளவு வட்டத் துளையிடும் தச்சுத் தேனீ அது. அது மரத்தைத் தின்பதில்லை. குஞ்சு பொரிக்க இடந்தேடியே துளைக்கிறது. தோட்டத்துப் பூக்களில் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகிறது. மரத்துக்கு வர்ணம் பூசிவைத்தால் பெரும்பாலும் வேறிடம் தேடிப் போய்விடும்.

முன்னோர் கையாண்ட முறை

செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் எதுவும் மண்ணில் ஊன்றி நிற்பதில்லை; ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல் இருக்கிறது. அழகுக்காக மட்டுமா வைத்தார்கள்? மரமும் மண்ணும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்ற அறிவு அதில் அடங்கியிருக்கிறது. கல்லின்மேல் கறையான் ஏற வேண்டுமானால் வெளிப்படையாக மண்பாதை போட்டாக வேண்டும். போட்டால் நம் கண்ணில் பட்டுவிடும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் முன்னோர் கவனமாக இருந்தனர். மரத்தின் நடுவே கருத்து இறுகிய பகுதி வைரம். சுற்றிலும் வெளுத்த பகுதி வெளிறு. தேக்கின் வைரம் கறையானை நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். அதே தேக்கின் வெளிறோ மற்ற மரங்களைப் போலவே அரிபடும். "தேக்கு என்ற பெயரைப் பார்க்காதீர்கள், வைரம் எவ்வளவு என்று பாருங்கள்" என்றார் தச்சுப் பெரியவர். இள மரத்தில் வைரம் குறைவு என்பதையும் அவரே சொன்னார். மூங்கிலை வெட்டியதும் சில வாரம் நீரில் ஊறப்போடும் வழக்கத்துக்கும் காரணமுண்டு. நீரில் மாவுச்சத்து கரைந்துபோவதால், உளு வண்டுக்கு அங்கே உணவு குறைந்துவிடுகிறது.

வருமுன் காப்போம்

கறையானுக்கு வேண்டியவை மூன்று: மரம், ஈரம், மறைவு. மரமில்லாமல் வீடு இல்லை. ஆகவே ஈரத்தையும் மறைவையும் நீக்குவதே நம் கடமை.

ஒழுகும் குழாயையும் கூரையையும் உடனே பழுதுபார்க்க வேண்டும். குளியலறைக் கதவின் அடிப்பாகம் எப்போதும் நனைந்திருந்தால் அதுவே கறையானுக்கு நுழைவாயில். சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்து நாள்தோறும் நீரூற்றுவதும் கூடாது. விறகையும் பழைய பலகையையும் புறவாசல் சுவரோடு சாய்த்து அடுக்கக் கூடாது. சற்றுத் தள்ளி, கல்லின்மேல் அடுக்க வேண்டும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். வீடு கட்டி முடிந்ததும் மண்ணுக்குள் விட்டுவிடும் பலகைத் துண்டுகள் கறையானுக்கு நாமே வைக்கும் விருந்து.

சிமெண்டுத் தரை போட்டிருக்கிறோமே, எங்களுக்கு என்ன பயம் என்று சிலர் கேட்கலாம். ஒரு மில்லிமீட்டர் விரிசல் இருந்தால் போதும், கறையான் நுழைந்துவிடும். மாடி வீடும் தப்பாது.

எல்லாவற்றிலும் சிறந்த மருந்து மாதம் ஒருமுறை பார்ப்பதுதான். ஒரு டார்ச் விளக்கும் ஒரு திருப்புளியும் போதும். நிலையின் அடிப்பாகம், அலமாரியின் முதுகுப்புறம், பரண், மாடிப்படியின் அடி, சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம், மின்விசைப் பலகையின் ஓரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மரத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே வெறுமையாகி வருகிறது என்று அறியலாம்.

வந்தபின் என்ன செய்வது?

மண்பாதையைக் கண்டவுடன் துடைப்பத்தால் தட்டிவிட்டு நிம்மதியடைகிறோமே, அது தவறு. பாதையில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் பொறுத்துப் பாருங்கள். உடைந்த இடம் மீண்டும் பூசப்பட்டிருந்தால் கறையான் நடமாடுகிறது. பிறகு அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். வாழும் இடம் தரைக்கு அடியில் இருக்க, சுவரில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை.

இதற்கும் நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். பெட்டி அரிக்கப்பட்டதும், தெருவில் வந்த ஒருவரை அழைத்து மருந்தடிக்கச் சொன்னோம். அவர் சுவரில் ஏதோ தெளித்தார். பணம் வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதத்தில் அடுக்களை நிலையில் புதிய மண்பாதை!

மண்ணெண்ணெய் ஊற்றுவது பலர் செய்யும் மற்றொரு தவறு. அது பட்ட பூச்சி சாகுமே தவிரப் புற்று அழியாது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டும். ஆனால் நெடுநாள் நிற்காது. முந்திரிக் கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் படகிலும் கைமரத்திலும் பூசுவது பழைய வழக்கம். அது நல்லதே, ஆனால் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும்.

உளு வண்டு பிடித்த, மெருகு பூசாத மரத்துக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலைப் பூசுவதுண்டு. மெருகேற்றிய மரத்தில் அது உள்ளிறங்காது. குழந்தைகள் கைக்கு அது எட்டக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நஞ்சு பற்றி ஓர் எச்சரிக்கை

பழைய வீட்டுக்குறிப்பு நூல்களில் ஆல்டிரின், குளோர்டேன் ஆகிய மருந்துகளின் பெயர்கள் காணப்படும். அவற்றை யாரும் தேடிப் போக வேண்டாம். அவை மண்ணிலும் நம் உடற்கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும் நஞ்சுகள். இந்தியாவில் 1996ஆம் ஆண்டு அவை தடை செய்யப்பட்டன. பின்னர் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் அவை இடம்பெற்றன. இப்போது இமிடாகுளோபிரிட் போன்ற வேறு மருந்துகள் பயன்படுகின்றன. கறையான் இதை உணராமல் இதனூடே நடந்து, தன் கூட்டத்துக்கும் கொண்டுபோகிறது. இதுவும் நஞ்சே. ஆகையால் உரிமம் பெற்றவரைக் கொண்டே, சுவரோரத் தரையில் துளையிட்டுச் செலுத்தச் செய்ய வேண்டும். வீட்டில் கிணறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலை நடக்கும்போது குழந்தைகளும் ஆடுமாடுகளும் அங்கே இருக்கக் கூடாது.

புது வீடு கட்டும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறையான் தடுப்புக்கென ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதிமுறை 1971ஆம் ஆண்டு முதலே உண்டு. அதன் முதற்பகுதி மருந்தைப் பற்றியதன்று. கட்டுமான முறையைப் பற்றியது! இரண்டாம் பகுதி கட்டும்போதே மண்ணுக்கு மருந்திடுவதையும், மூன்றாம் பகுதி கட்டி முடிந்த வீட்டுக்கு மருந்திடுவதையும் கூறுகின்றன. அடித்தளம் போடும்போதே இதைப் பொறியாளரிடம் கேட்டுக்கொண்டால் பிற்காலத்தில் தரையைத் துளைக்க வேண்டியதில்லை.

ஏடுகளைக் காப்போம்

கதவு போனால் வேறு கதவு செய்யலாம். காகிதம் போனால்? டாக்டர் உ.வே. சாமிநாத ஐயர் (1855-1942) ஊர் ஊராக அலைந்து தேடிய ஓலைச்சுவடிகளுள் பல, செல்லரித்தும் ஒடிந்தும்தான் அவர் கைக்குக் கிடைத்தன. கைக்கு வருமுன்பே செல்லுக்கு இரையான நூல்கள் எத்தனையோ!

நம் வீட்டிலும் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், திருமணப் படம் என்று ஏடுகள் இருக்கின்றன. அவற்றை மரப்பெட்டியிலும் அலமாரியின் அடித்தட்டிலும் வைக்காதீர்கள். இறுக மூடும் இரும்புப் பெட்டியில் அல்லது பிளாஸ்டிக் பெட்டியில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். படியெடுத்து வேறிடத்திலும் ஒன்று வைத்திருங்கள். அந்துருண்டை துணிப்பூச்சிக்குத்தான், மண்ணிலிருந்து வரும் செல்லை அது தடுக்காது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்களையும் அருகில் உட்காரவைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கதை இருப்பது அப்போதுதான் தெரியவரும். அந்தச் சான்றிதழைச் செல் தின்ற பிறகே, ஆச்சி அதற்காக எத்தனை நாள் பட்டினி கிடந்தார்கள் என்பதை நாங்கள் கேட்டறிந்தோம்.

தோழியரே! இப்போது எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை 'செல் பார்க்கும் நாள்'. அக்காள் டார்ச் விளக்கைப் பிடிக்க, தங்கை திருப்புளியுடன் செல்ல, ஆச்சி பின்னாலேயே வந்து ஒவ்வொரு நிலையையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். கண் மங்கினாலும் காது கூர்மை. சென்ற ஆவணி மாதம் அடுக்களைக் கதவில் பொத்தென்ற ஒலியை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஆச்சிதான். இம்முறை உரிய காலத்தில் மருந்திட்டோம், கதவு பிழைத்தது.

எஞ்சிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருக்கிறோம். அரிபட்ட இடத்துக்குக் கீழே, ஒரு சிறு வெள்ளைத் தாளில் ஆச்சியின் முழுப்பெயரை அழகாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்தப் படத்தின் பின்புறத்தையும் மாதந்தோறும் திருப்பிப் பார்க்கத் தவறுவதில்லை. நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும், நெடுநாளாக நகர்த்தாத ஒரு பெட்டியை நகர்த்திப் பாருங்கள்.